ஈரத்துணி சுற்றிய வெப்பமானி: பெரம்பூர் மில்லிலிருந்து ஒரகடம் வரை

கத்திரி வெயில் வந்தாலே டிவியில் தினமும் சாயங்காலம் ஒரு பட்டியல் ஓடும். வேலூர் இத்தனை, திருத்தணி இத்தனை, மீனம்பாக்கம் இத்தனை. அதைப் பார்த்துட்டு "நம்ம பக்கம் 38 தானே, பரவாயில்லை"ன்னு நினைக்கிறவங்களுக்காக இந்த இழை. குறிப்பா ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் ஷிப்ட்டுக்குப் போறவங்களுக்கும், அவங்க வீட்டில் இருக்கிறவங்களுக்கும். கொஞ்சம் நீளம். வரலாறும் வரும், மருத்துவமும் வரும்.

முதல்ல ஒரு கணக்கு.

ஒரு ஊர்ல 42 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 15 சதவீதம். இன்னொரு ஊர்ல 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். ரெண்டு ஊர்லயும் ஒரே வேலை. எங்கே உடம்பு சீக்கிரம் தோற்கும்?

வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி அளந்து பாருங்க. முதல் ஊரில் அது சுமார் 22 டிகிரி காட்டும். இரண்டாவது ஊரில் சுமார் 29. பள்ளிக்கூடத்தில் ஈரக்குமிழ் வெப்பமானின்னு படிச்சிருப்பீங்க, அதேதான். அந்த ஈரத்துணிதான் வியர்வையில் நனைஞ்ச உங்க தோல். துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகி எவ்வளவு குளிருமோ, அந்த அளவு குளிர்ச்சிதான் உங்க உடம்புக்கும் அதிகபட்சம் கிடைக்கும். 42 டிகிரி பாதுகாப்புன்னு சொல்ல வரலை. ஆனா அங்கே நிழலும் தண்ணீரும் இருந்தால் வியர்வை தன் வேலையைச் செய்யும். 34 டிகிரியில், காற்று ஏற்கெனவே ஈரமா இருக்கும்போது, வியர்வை சட்டையை நனைச்சுட்டுக் கீழே சொட்டும். சொட்டுற வியர்வையால் உடம்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆவியானால்தான் குளிர்ச்சி.

நம்ம ஊர் செய்தியில் இன்னும் வராத இந்த விஷயம் தொழிலாளர்களுக்குத் தெரிஞ்சு 130 வருஷத்துக்கு மேல் ஆகுது.

இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவாலைகளில் நூல் அறுந்துபோகாமல் இருக்க அறைக்குள் நீராவியைச் செலுத்துவாங்க. நூலுக்கு நல்லது, ஆளுக்கு நரகம். நெசவாளர்கள் போராடினதன் விளைவா 1889-ல் பருத்தித் துணி ஆலைகளுக்குன்னே ஒரு சட்டம் வந்தது. எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஈரம் வரை இருக்கலாம்னு அதில் ஒரு அட்டவணையே இருந்தது. வேலையிடத்தில் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளக்கணும்னு சட்டம் சொன்ன ஆரம்ப காலம் அது.

அடுத்து வந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். ஆபத்தான காற்றைத் தானே சுவாசிச்சுப் பார்த்து ஆராய்ச்சி பண்ணின உடலியல் நிபுணர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் டால்கோத் தகரச் சுரங்கம் போன்ற சூடான, ஈரமான இடங்களில் மனுஷ உடம்பு என்ன ஆகுதுன்னு பார்த்து 1905-ல் எழுதினார். சாதாரண வெப்பமானி என்ன காட்டினாலும் சரி, காற்று அசையாத இடத்தில் ஈரக்குமிழ் 31 டிகிரியைத் தாண்டினால் உடம்பின் உள்சூடு ஏற ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிச்சார். சட்டையில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே அந்தக் கதின்னா, வேலை செய்தால் எல்லை இன்னும் கீழே இறங்கும். காற்று வீசினால் கொஞ்சம் மேலே போகும்.

ஃபேன் ஏன் ஆடம்பரம் இல்லைன்னு இப்பப் புரியுதா?

நம்ம சென்னைக்கு வருவோம். 1918 ஏப்ரல் 27, கத்திரிக்கு ஒரு வாரம் முன்னால், பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினாங்க. பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு எல்லாம் அதில் இருந்தாங்க. பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்களின் முக்கியமான குறைகளில் ஒன்று மதிய இடைவேளை. அரை மணி நேரம்தான். ஆலையிலிருந்து வெளியே வந்து, கை கழுவி, சோத்தை விழுங்கிட்டு, மறுபடியும் ஓடணும். அப்போது அமலில் இருந்த 1911 தொழிற்சாலைச் சட்டப்படி துணி ஆலையில் ஒரு ஆணை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம்.

அவங்க கேட்டது கூடுதலா சில நிமிஷம். சங்க வரலாறு எழுதுறவங்க இதை உரிமைப் போராட்டமா எழுதுவாங்க, சரிதான். ஒரு மருத்துவர் அதையே படிச்சால் வேற ஒண்ணும் தெரியும். உடம்பில் சேர்ந்த சூட்டை வெளியேற்ற இன்னிக்கு வரைக்கும் நம்மகிட்ட இருக்கிற சிறந்த மருந்து வேலையை நிறுத்துறதுதான். தசை வேலை செய்யும்போது செலவாகுற சக்தியில் பெரும்பங்கு சூடாத்தான் மாறுது. வெளியே இருக்கிற வெயிலை நிறுத்த முடியாது. உள்ளே இருக்கிற அடுப்பை அணைக்கலாம்.

ஜோகன்னஸ்பர்க் கதை கொஞ்சம் கசப்பு. அங்கே தங்கச் சுரங்கங்கள் ஆழமாகப் போகப் போக, 1924-லிருந்து ஹீட் ஸ்ட்ரோக் சாவுகள் பதிவாகின. செத்ததில் பலர் வேலைக்குப் புதுசா வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். ஆல்டோ ட்ரெயோஸ்டி என்ற மருத்துவர், உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமா வெப்பத்துக்குப் பழக்கினால் சாவு குறையும்னு 1930-களில் காட்டினார். அதுக்குப் பின்னால் இருந்த நோக்கம் கருணை இல்லை, தங்கம். ஆனாலும் கண்டுபிடிப்பு உண்மையானது. பழக்கம் வர ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். அதுக்குள்ள ரத்தத்தின் அளவு கூடும், வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும். ஊருக்குப் போய் மூணு வாரம் இருந்துட்டு வந்தால் அந்தப் பழக்கம் பெரும்பாலும் கரைஞ்சு போயிருக்கும்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை சொல்ற கணக்கையும் கேளுங்க. வேலையிட வெப்பச் சாவுகளில் கிட்டத்தட்ட பாதி முதல் நாளிலேயே நடக்குது. 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள்ள.

இதை நம்ம காரிடாரில் வெச்சுப் பாருங்க. கான்ட்ராக்டில் ஆள் மாறிக்கிட்டே இருக்காங்க. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வந்தவர் மறுநாளே முழு ஷிப்ட் நிற்கிறார். ஆளை அடிக்கடி மாற்றுகிற ஆலையில் எப்பவும் யாரோ ஒருத்தருக்கு அது முதல் வாரம். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் சூட்டில் வேலை, அடுத்தடுத்த நாள் ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கன்னு வழிகாட்டுதல் இருக்கு. காசு செலவில்லாத வைத்தியம் இது.

1950-களில் அமெரிக்க மரீன் படையின் பாரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமில் இளைஞர்கள் கொத்துக் கொத்தா சுருண்டு விழுந்தாங்க. யாக்லோ, மினார்ட் ரெண்டு பேரும் ஒரு குறியீடு போட்டாங்க: ஈரக்குமிழுக்கு 70 சதவீத மதிப்பு, வெயிலையும் சூடான பரப்புகளின் கதிர்வீச்சையும் அளக்கும் கறுப்புக் கோளத்துக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10. அந்தக் குறியீடு எல்லையைத் தாண்டினால் கொடி ஏறும், பயிற்சி நிற்கும். பாதிப்பு நல்லாவே குறைஞ்சது. உலகம் முழுக்க இன்னிக்கு வேலையிட வெப்பத்தை அளக்க இதைத்தான் பயன்படுத்துறாங்க. டிவி காட்டுகிற எண்ணுக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் மரியாதை.

இந்தியாவில்? 1948 தொழிற்சாலைச் சட்டம் மோசமான சட்டம் இல்லை. காற்றோட்டம் வேணும், உடம்புக்குக் கேடு வராத வெப்பநிலை வேணும்னு சொன்னது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தரணும்னும் சொன்னது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துடுச்சு. ஆனா தண்ணீர் கேன் இருக்குங்கிறது ஒண்ணு, லைனை விட்டு நகர்ந்து போய்க் குடிக்க முடியுதாங்கிறது இன்னொண்ணு. பெண்களிடம் "தண்ணீர் ஏன் குடிக்கலை?"ன்னு கேட்டால் மருத்துவர்களுக்கு அடிக்கடி கிடைக்கிற பதில்: "குடிச்சா பாத்ரூம் போகணும் டாக்டர்." பிறகு யூரின் இன்ஃபெக்‌ஷன், கிட்னி கல். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்தாங்க. வெப்பமான சூழலில் வேலை செய்தவங்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பா இருந்தது.

இப்ப ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர். காஞ்சிபுரம், செங்கல்பட்டு ரெண்டு மாவட்டமும் சேர்த்து 900-க்கும் மேல் பொதுப்பணித் துறை ஏரிகள் உள்ள ஏரி பூமி. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. 2006-ல் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். முப்பது வருஷத்துக்குள்ள வயல் யார்டாச்சு, வரப்பு ஆறுவழிச் சாலையாச்சு.

மாறினது நிலம் மட்டும் இல்லை, கடிகாரமும் மாறுச்சு. நாற்று நடுறவங்க விடியலில் இறங்கி, உச்சி வெயிலுக்கு முன்னாடி கரையேறுவாங்க. நீராகாரமும் உப்புப் போட்ட மோரும் கூடவே போகும். அது பொற்காலம்னு நான் சொல்லலை. கூலியும் சாதியும் அந்த வயலில் என்ன பண்ணுச்சுன்னு நமக்குத் தெரியும், வெயிலில் செத்த கூலியாளை அன்னிக்கும் யாரும் எண்ணலை. ஆனா வேலை நேரத்தைச் சூரியனைப் பார்த்து வளைக்க ஒரு வழி இருந்தது. கன்வேயருக்குச் சூரியன் தெரியாது.

கடலும் தூரம். சென்னைக் கடற்கரையில் மதியத்துக்கு மேல் வீசுற கடற்காற்று 40 கிலோமீட்டர் உள்ளே வந்து சேர நேரமாகும், வரும்போது வேகமும் குறைஞ்சிருக்கும். தகரக் கூரை ஷெட், பெயின்ட் ஓவன், ஃபர்னஸ் இதெல்லாம் இருந்தால் உள்ளே நிலைமை வானிலை நிலையம் சொல்றதைவிட மோசம்.

எனக்கு அதைவிடக் கவலை, அறைகள். நைட் ஷிப்ட் முடிச்சவர் தூங்குறது எப்போ? பகல் பத்திலிருந்து நாலு வரை. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையில், ஆறு பேரோட, ஒரு ஃபேனுக்குக் கீழே. நாளின் உச்ச சூட்டைத்தான் அவர் ஓய்வுன்னு சொல்லிக்கிறார். பகல் ஷிப்ட்காரருக்கும் பெரிய நிம்மதி இல்லை, காங்கிரீட் ராத்திரி முழுக்கச் சூட்டைத் திருப்பித் தருது. நேத்து சேர்ந்த சூடும் நீரிழப்பும் சரியாகாமலே இன்னிக்கு வேலை ஆரம்பிக்குது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைச் சிப்காட் திறந்தது, நல்ல விஷயம். ஆனா வெளியே வாடகை அறைகளில் இருக்கிறவங்க ஏராளம். அந்த மாடிகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்போ கூல் டைல்ஸோ போடச் சொல்லி உள்ளாட்சி ஒரு விதி கொண்டுவந்தால், எந்த மருத்துவமனை வார்டைவிடவும் அதிக பலன் கிடைக்கும்.

அகமதாபாத் அப்படித்தான் கத்துக்கிட்டது. 2010 மே மாசத்தில் அங்கே 4,462 பேர் இறந்தாங்க. வழக்கமான மே மாசக் கணக்கு 3,118. மிச்சம் 1,344 பேர். இந்தச் சாவுகளில் பெரும்பாலானது "வெப்பம்"னு சான்றிதழில் வராது. ஹார்ட் அட்டாக், கிட்னி ஃபெயிலியர், திடீர் மரணம்னுதான் வரும். வழக்கமான மாசத்தோட ஒப்பிட்டதாலதான் வெளியே தெரிஞ்சது. 2013-ல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை அந்த நகரம் போட்டது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறேன். ஆனா வெப்பச் சாவுன்னு மருத்துவர் எழுதினால்தானே அந்தப் பணம்? ஷிப்ட்டில் சுருண்டு விழுந்தவருக்கு அந்த நிமிஷமே ஆசனவாய் வழியா உள்சூட்டை அளக்கலைன்னா, பிறகு எப்படி நிரூபிக்கிறது? என் துறை சரி பண்ண வேண்டிய இடம் இது.

இன்னொரு நினைவூட்டல். 2023 ஏப்ரல் 21-ல் வேலை நேரத்தை 12 மணி நேரம் வரை நீட்ட வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறுச்சு. எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறுவதா முதல்வர் அறிவிச்சார். அதே 12. அது மறுபடி எந்த வடிவத்தில் வந்தாலும் நான் கேட்பது ஒண்ணுதான்: மே மாசத்தில், பத்தாவது மணி நேரத்தில், அந்த உடம்பின் உள்சூடு எவ்வளவு இருக்கும்?

கடைசியா, லைனில் யாராவது விழுந்தால்.

உளறுறாங்க, தள்ளாடுறாங்க, மயங்கிட்டாங்க, உடம்பு கொதிக்குதுன்னா ஹீட் ஸ்ட்ரோக்னே வெச்சுக்குங்க. வியர்வை இருக்கேன்னு ஏமாறாதீங்க, வேலை செய்துக்கிட்டே விழுறவங்களுக்கு வியர்த்துக்கிட்டே இருக்கும். பாராசிட்டமால் வேலை செய்யாது, இது காய்ச்சல் இல்லை. நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். அமெரிக்காவில் ஃபால்மத் ஓட்டப் பந்தயத்தில் 18 வருஷத்தில் ஹீட் ஸ்ட்ரோக் வந்த 274 பேரை அங்கேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் போட்டாங்க. ஒருத்தர்கூட சாகலை. உங்க ஆலையில் தொட்டி இல்லைன்னா ஒரு தார்ப்பாய் போதும். நாலு பேர் ஓரத்தைத் தூக்கிப் பிடிங்க, நடுவில் அவரைப் படுக்க வைங்க, தலையும் முகமும் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும், கேன்டீன் ஐஸும் தண்ணீரும் கொட்டுங்க. ஒருத்தர் 108-க்கு அடிக்கட்டும். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தண்ணீரை நிறுத்தாதீங்க.