எண்ணூர் ஆஸ்டினும் அதன் பின்பக்க ஷாக் அப்சார்பரும்

எண்ணூர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அனல்மின் நிலையமும் அசோக் லேலண்ட் லாரியும்தான். ஆனால் கத்திவாக்கம் நெடுஞ்சாலையில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையிலிருந்து முதலில் வெளியே வந்தது லாரி அல்ல, கார்! ஆஸ்டின் ஏ40 என்ற பிரிட்டிஷ் கார். அந்தக் கார் ஒன்று இன்று யாரிடமாவது இருந்து, அதன் பின்பக்க ஷாக் அப்சார்பர் போய்விட்டால் அதற்குப் பதில் எதைப் போடுவது? சின்னக் கேள்வி போலத்தான் தெரியும். விடை தேடப் போனால் நம் நாட்டு மோட்டார் தொழிலின் கதையும் கூடவே வந்துவிடுகிறது.

1948ல் ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். பஞ்சாபைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரர். மகன் அசோக்கின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்டின் ஏ40 காரின் பாகங்களைக் கப்பலில் வரவழைத்துப் பூட்டி விற்பது திட்டம். சென்னைத் துறைமுகத்துக்கு எண்ணூர் பக்கம் என்பது இதற்கு வசதி. 1949ல் வேலை தொடங்கியது. 1200 சிசி, 40 குதிரைத் திறன், நான்கு கதவு. இங்கிலாந்தில் 1947ல் வந்த புத்தம் புது மாடல் அது.

இந்தக் காரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங். பின்பக்கத்தில் மாட்டு வண்டி, குதிரை வண்டிக் காலத்து வாரிசான பட்டை ஸ்பிரிங். அச்சின் இரு முனைகளையும் பட்டைகளே தாங்கும். பட்டைக்கு ஒரு பழக்கம் உண்டு: பள்ளத்தில் விழுந்தால் அமுங்கும், பிறகு எழும்பும், மறுபடி அமுங்கும்... தானாக அடங்க நேரமாகும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் ஷாக் அப்சார்பர். பெயர் தவறு என்றே சொல்ல வேண்டும். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். ஷாக் செய்வது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை நிறுத்துவது மட்டும்.

ஏ40ல் இருந்தது இன்று கடையில் பார்க்கும் நீளக் குழாய் அல்ல. ஒரு கெட்டியான இரும்புப் பெட்டி, சேஸில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அதிலிருந்து ஒரு கை நீண்டு, ஒரு சின்ன இணைப்புக் கம்பி வழியாக அச்சோடு சேரும். அச்சு எழும்பினால் கையும் எழும்பும். பெட்டிக்குள் பிஸ்டன் நகர்ந்து எண்ணெயை ஒரு சிறிய வால்வு வழியாகத் தள்ளும். எண்ணெய் போக மறுப்பதுதான் தடை. இதை லீவர் ஷாக் என்பார்கள். இதன் பெருமை என்னவென்றால், மேலே ஒரு மூடி இருக்கும். எண்ணெய் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். அதாவது, இது பழுது பார்க்கப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தே செய்யப்பட்ட பொருள்.

இந்த இடத்தில் அரசின் கொள்கை வருகிறது. வெளிநாட்டுப் பாகங்களை வெறுமனே பூட்டி விற்பது போதாது, இங்கேயே படிப்படியாகத் தயாரிக்க வேண்டும் என்பது 1953ல் அரசு எடுத்த நிலை. தயாரிப்புத் திட்டம் இல்லாதவர்கள் கடையை மூட வேண்டியதுதான். அந்தச் சமயத்தில்தான் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டுப் போயின. எண்ணூர்க்காரர்கள் முன்பே சுதாரித்துக்கொண்டார்கள். 1950ல் லேலண்டோடு ஒப்பந்தம் போட்டு, லாரிப் பக்கம் திரும்பினார்கள். 1955ல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. ஆஸ்டின் கதை அத்தோடு முடிந்தது. (வேடிக்கை என்னவென்றால், பல லாரிகளின் பின்பக்கத்தில் ஷாக் அப்சார்பரே இருக்காது. அடுக்கடுக்கான பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் உராய்வே ஆட்டத்தை ஓரளவு அடக்கிவிடும்.)

தொழிற்சாலை திரும்பிவிட்டது, கார் வாங்கியவர் எங்கே திரும்புவார்? இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, உள்ளூரில் தயாரிப்பு இல்லை. லீவர் ஷாக்கின் மேல் மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றுவதும், லேத் பட்டறையில் புஷ் கடைந்து போடுவதும்தான் வழி. பாகத்தைத் தூக்கி எறிந்து புதிது வாங்கும் வழக்கம் அப்போது நம் ஊரில் இல்லாமல் போனதற்குச் சிக்கன குணம் மட்டும் காரணமல்ல. வாங்கப் பொருள் இல்லை!

நிலைமை மாறத் தொடங்கியது 1961ல். அந்த ஆண்டு பம்பாய் முலுண்டில் கேப்ரியல் இந்தியா தொடங்கியது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் காருக்கு ஊதுகுழல் செய்து பெயர் வாங்கிய கம்பெனியின் பெயர்தான் கேப்ரியல். அதே ஆண்டில் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரும் வந்தது. இதற்குள் உலகம் டெலஸ்கோபிக் வகைக்கு, அதாவது குழாய் ஷாக்குக்கு மாறிவிட்டது. விலை குறைவு, தடை சீராக இருக்கும், சூடும் சீக்கிரம் ஆறும். ஆனால் மூடி இல்லை. ஒழுகினால் மாற்ற வேண்டியதுதான்.

ஹெரால்டின் பின்பக்கம் தனி ரகம். குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங், இருபுறமும் தனித்தனியே ஆடும் அச்சு. நம் மெக்கானிக்குகளுக்கும் வாங்குபவர்களுக்கும் அது ஒத்துவரவில்லை. 1972ல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் பழையபடி ஒரே முழு அச்சு. ஆக, ஒரே கம்பெனி, ஒரே குடும்பத்துக் கார் என்றாலும் பின்பக்கம் வேறு வேறு. கடையில் போய் "ஸ்டாண்டர்ட் ஷாக் கொடுங்கள்" என்று கேட்டால் போதாது என்பது இதனால்தான். மாருதி 800லும் இதே கதை: 1983 மாடலில் பின்னால் பட்டை, 1986 மாடலில் சுருள்.

ஸ்ட்ரட் என்று இன்னொன்றும் உண்டு. ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்து, வண்டியின் எடையையே தாங்கும் தூண் அது. மாருதியின் முன்பக்கத்தில் இருப்பது அதுதான். வெறும் ஷாக்கைக் கழற்றினால் வண்டி அப்படியே நிற்கும். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங்கை முறையாக அமுக்கிப் பிடிக்காவிட்டால் ஆளையே அடித்துவிடும்.

சரி, ஆஸ்டினுக்கு வருவோம். இன்று அதை வைத்திருப்பவர் முன் இரண்டு வழிகள். ஒன்று, பழைய லீவர் பெட்டியைப் புதுப்பிப்பது. மற்றது, ஏதாவது ஒரு குழாய் ஷாக்கைப் பொருத்துவது. இரண்டாவதுதான் எளிது என்று தோன்றும். ஆனால் சேஸில் புதிதாக மேல் பிராக்கெட் வெல்டிங் வைக்க வேண்டும், கீழே பட்டையைப் பிடிக்கும் தகட்டில் இன்னொன்று. அந்த இடங்கள் இந்தச் சுமைக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. நீளமும் பொருந்த வேண்டும். அச்சு முழுக்க எழும்பி ரப்பர் தடையில் முட்டும்போது ஷாக் உள்ளே முட்டிவிடக் கூடாது, முழுக்கத் தொங்கும்போது ஷாக்கே கயிறு போல் இழுத்துப் பிடிக்கவும் கூடாது. இந்த இரண்டு அளவும் எடுக்காமல், கண்ணின் அளவு மட்டும் பார்த்து வாங்கிய ஷாக் சீக்கிரமே உடையும், அல்லது பிராக்கெட்டைப் பிய்க்கும். மிகக் கடினமான ஷாக்கும் வேண்டாம். பட்டையில் ஏற்கெனவே உராய்வு இருக்கிறது.

பெட்டி விரிசல் விடாமல், தண்டு தேயாமல் இருந்தால் முதல் வழியே சரி. கையைக் கழற்றி மேலும் கீழும் மெதுவாக அசைத்தால் போதும். இரு பக்கமும் ஒரே மாதிரி கனமாகப் போனால் நல்லது. கொஞ்ச தூரம் காலியாக ஓடிப் பிறகு பிடித்தால் எண்ணெய் குறைந்து காற்று புகுந்திருக்கிறது. முழுக்கக் காலியாக ஓடினால் வால்வோ பிஸ்டனோ போய்விட்டது. இதற்கு 20 எண் ஃபோர்க் ஆயில் பொருந்தும். இந்தியாவில் புல்லட் தயாரான திருவொற்றியூர் பக்கத்திலேயே இருக்கும்போது அதற்குப் பஞ்சமா என்ன! பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றக் கூடாது, சீல் கெட்டுவிடும்.

வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்பதற்காக ஷாக் மாற்றுவோரும் உண்டு. புது ஷாக் போட்டாலும் தாழ்ந்தது தாழ்ந்ததுதான். அது பட்டை களைத்ததன் அடையாளம். பட்டறையில் பட்டைகளைப் பிரித்து வளைவு ஏற்றிய பிறகே ஷாக்கின் அளவை எடுக்க வேண்டும், ஏனென்றால் உயரம் மாறினால் அந்த அளவும் மாறும். இடது பக்கம் மட்டும் ஒழுகினாலும் வலது பக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கன்டெய்னர் லாரிகள் குழிபறித்த எண்ணூர் சாலையில், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற கார் பள்ளத்துக்குப் பள்ளம் ஒரு பக்கமாகவே சாயும்.