இரண்டு புள்ளடிகளின் தொகுதி

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த காலத்தில், ஊரிலிருந்து யார் வந்தாலும் வாப்பா முதலில் கேட்பது, "நம்மட தொகுதிப் பக்கம் மழை எப்படி?" என்றுதான். அக்கரைப்பற்று என்று சொல்லமாட்டார். பொத்துவில் தொகுதி என்பார். பாராளுமன்ற ஆசனம் என்ற அளவில் அது 1989இலேயே முடிந்துவிட்டதே என்று நான் சொன்னால், "அது ஒங்கட கடதாசியில" என்பார்.

சோல்பரி யாப்பு ஆசனங்களைப் பங்கிட்டபோது 75,000 பேருக்கு ஒன்று என்பதோடு நிற்கவில்லை. 1,000 சதுர மைல் நிலத்துக்கும் ஒன்று கொடுத்தது. ஆள் குறைந்து காடும் வயலும் மிகுந்த கிழக்கு மாகாணத்துக்கு 1947இல் 7 தொகுதிகள் கிடைத்தன. அவற்றில் தென்கோடியில் இருந்தது பொத்துவில். முதல் உறுப்பினர் எம்.எம். இப்ராஹிம். 1956இல் தமிழரசுக் கட்சியில் நின்று எம்.எம். முஸ்தபா வென்றார், பிறகு அரசாங்கப் பக்கம் போய், 1960 தொடக்கத்தில் சில காலம் நிதியமைச்சராகவும் இருந்தார். கிராமப்புறத் தொகுதியொன்றின் முஸ்லிம் உறுப்பினர் நாட்டின் கஜானாவைப் பார்த்தார் என்பதை நம்மவர் பலர் இன்று மறந்தே போனோம்.

கல்லோயாக் குடியேற்றத்துக்குப் பின் எல்லைகள் மாறின. 1960இல் அம்பாறையும் நிந்தவூரும் தனித் தொகுதிகளாயின. அடுத்த பெரிய மாற்றம் 1976இல் வந்தது. அப்போதைய எல்லை நிர்ணயம் பொத்துவிலை இரட்டை அங்கத்தவர் தொகுதியாக்கியது. பெயர் பொத்துவிலுக்கு; வாக்குகளோ பெரும்பாலும் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, திருக்கோவில் பக்கம். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் வேலியோடு வேலியாகக் கிடக்கும் மண்ணைக் கோடு போட்டுப் பிரிக்காமல், இரண்டு பேரை அனுப்பு என்று விட்டார்கள். வாக்காளருக்கு ரெண்டு வாக்கு. விரும்பினால் ரெண்டையும் ஒருவருக்கே போடலாம். கொழும்பு மத்தியில் மூன்று வாக்கையும் ஒருவருக்கே போட்ட பழக்கம் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். சிறுபான்மையாக நிற்பவரும் தம் ஆளை அனுப்ப அதுதான் வழி. என் கணிப்பில், அந்த நிலத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

1977 ஜூலையில் கணக்கு சரியாகவே வந்தது. ஐக்கிய தேசியக் கட்சியின் எம்.ஏ.எம். ஜலால்தீன், தமிழர் விடுதலைக் கூட்டணியின் எம். கனகரத்தினம்: யானைக்கு ஒன்று, சூரியனுக்கு ஒன்று. ஆனால் ஆறு மாதம் நிலைக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே கனகரத்தினம் ஆளுங்கட்சிக்குத் தாவினார். 1978 ஜனவரியில் கொழும்பில் அவரைச் சுட்டார்கள். உயிர் தப்பினாலும் 1980இல் காலமானார். அவருடைய இடத்துக்குச் சகோதரி இரங்கநாயகி பத்மநாதன் வந்தார், நியமனத்தால். இடைத்தேர்தல் நடக்கவில்லை. கட்சி மாறியதை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று தொகுதியை யாரும் கேட்கவுமில்லை.

அதற்குள் 1978 யாப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்திருந்தது. 1982 சர்வஜன வாக்கெடுப்பு பழைய பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டியதால் 1989 வரை இழுபட்டது, அவ்வளவுதான். ஆக, இரட்டை அங்கத்தவர் தொகுதியாகப் பொத்துவில் கண்ட பொதுத் தேர்தல் ஒன்றே ஒன்று. 1989 பெப்ரவரியில் திகாமடுல்ல என்ற மாவட்டத்துக்கு வாக்குப் போட்டோம். கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு விருப்பு இலக்கங்கள். பொத்துவில் வாக்கெண்ணும் பிரிவாகச் சுருங்கியது. ஊருக்கு ஊர் "எங்கட ஊருக்கு ஒரு எம்பி" என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் இவ்வளவு பலத்தது.

வாப்பாவிடம் ஒருநாள் கேட்டேன், 77இல் ரெண்டு வாக்கையும் யாருக்குப் போட்டீங்க என்று. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஒண்டு நம்மட ஆளுக்கு. மத்தது வயலுக்குத் தண்ணி விடுற பக்கத்து வரவைக்காரன் கேட்ட ஆளுக்கு."