கொய்யாவின் பெயர் வரலாறு

கொய்யா என்னும் பெயருக்குக் 'கொய்யப்படாதது' எனப் பொருள் கூறி, அதனைத் தனித்தமிழ்ச் சொல்லாக நிறுவ முயல்வார் உளர். கொய் என்னும் வினையடியும் எதிர்மறை ஆகாரமும் தமிழில் உள்ளனவாதலின், இவ்விளக்கம் முதற்பார்வையில் இலக்கண வழுவற்றதாகவே தோன்றும். ஆயின் சொல்லின் வடிவத்தை மட்டும் நோக்கிப் பொருளின் வரலாற்றை மறந்தமையே இதன் குறைபாடாகும். மாவும் பலாவும் வாழையும் சங்கச் செய்யுள்களிலேயே பயில்வன. கொய்யாவோ அமெரிக்க வெப்பவலய நாடுகளுக்கு உரிய மரம். 1492இல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளை அடைந்த பின்னரே அது கீழைத்தேயங்களுக்கு வந்தது. மரம் வருமுன் அதற்குப் பெயர் இருந்திருத்தல் இயலாது. அன்றியும், கொய்து உண்ணும் பழத்தைக் கொய்யப்படாதது என எவரேனும் அழைப்பரோ?

கரீபியன் பிரதேசத்து அரவாக்கு மொழிச் சொல்லொன்றே ஸ்பானியத்தில் 'குவயாபா' என்றும், போர்த்துக்கேயத்தில் 'கொயாபா' என்றும் வழங்கலாயிற்று. போர்த்துக்கேயச் சொல்லின் ஈறு தேய்ந்து தமிழிற் கொய்யா ஆயிற்று எனக் கொள்வதே பொருத்தமுடையது. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணமும் அவர்தம் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது.

எனினும் போர்த்துக்கேயரின் வாய்மொழி எங்கும் ஒரே பெயரை விட்டுச் செல்லவில்லை. இதே தீவிற் சிங்களவர் இப்பழத்தைப் 'பேர' என்பர், மலையாளத்தில் அது 'பேரக்க', வங்காளத்திற் 'பெயாரா'. இவற்றுக்கு மூலமான 'பேரா' என்னும் போர்த்துக்கேயச் சொல் ஐரோப்பியப் பேரிக்காயைக் குறிப்பது. இந்தியின் 'அம்ரூத்' என்பதும் பேரிக்காயைச் சுட்டும் பாரசீகச் சொல்லே. ஆகவே ஒரு கப்பலில் வந்த பழம் ஒரே பெயருடன் இறங்கியது என எளிதில் முடிவுகட்டுதல் தகாது. அந்நியப் பழத்துக்குப் பிறந்தகப் பெயரையே கொள்ளுதல் ஒரு வழி. பழகிய பழமொன்றின் பெயரை ஏற்றிவிடுதல் மற்றொரு வழி. தமிழ் முன்னதையும் அயல்மொழிகள் சில பின்னதையும் மேற்கொண்டன.

சீனர் இதனை 'அந்நிய மாதுளை' எனவும், மலாயர் 'கல் ஜம்பு' எனவும் அழைத்தனர். தாய்லாந்தில் இதன் பெயர் 'ஃபராங்' என்பதாகும். அது மேனாட்டாரைக் குறிக்கும் சொல். தமிழிலுள்ள 'பறங்கி'யும் அதே மூலத்தது. அமெரிக்காவிலிருந்து வந்த மற்றொரு காயைப் பறங்கிக்காய் என்று தமிழர் அழைத்தமை இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது.

விஞ்ஞானப் பெயரும் இவ்வழக்குகளுக்குப் புறம்பானதன்று. 1753இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லினேயஸ் இதற்குச் 'சிடியம் குவஜாவா' எனப் பெயரிட்டார். சாதிப்பெயர் மாதுளையைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து பெறப்பட்டது. சீனர் கண்ட உவமையே இது. இனப்பெயரோ அரவாக்குச் சொல். மேலே கூறிய இரு வழிகளும் இங்கு ஒரே பெயரிற் கூடியுள்ளன. 1762இல் லினேயஸ் இம்மரத்தைப் பேரிக்காய் வடிவப் பழமுடையது, அப்பிள் வடிவப் பழமுடையது என இரண்டு இனங்களாகப் பிரித்து, வெவ்வேறு பெயர்களையும் சூட்டினார். பின்வந்த தாவரவியலாளர் அவை ஒரே இனமே எனக் கண்டு, 1753ஆம் ஆண்டுப் பெயரையே நிலைநிறுத்தினர். பேரிக்காய் உவமை சிங்களத்திலும் மலையாளத்திலும் நீடிக்க, தாவரவியலில் அது கைவிடப்பட்டது.