கட்டங்களாய்த் தெரிந்த தமிழ்

2004ஆம் ஆண்டளவில் கண்டி திருகோணமலை வீதியில் ஒரு நெற் கபேயில் அமர்ந்து தமிழ் வலைப்பதிவு ஒன்றை முதன்முதலாகத் திறந்தேன். திரை முழுவதும் வெறும் கட்டங்கள். கணினியில் பழுதேதும் இல்லை. அதில் இருந்தது பழைய இயங்குதளம். தமிழோ புதிய வழியில் வந்திருந்தது.

அக்காலத்தில் நமது அச்சகங்களும் பத்திரிகை அலுவலகங்களும் பாமினி போன்ற எழுத்துருக்களையே நம்பியிருந்தன. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திக்கொண்டவை அவை. இயங்குதளத்துக்குத் தமிழ் தெரியவேண்டிய அவசியமே இருக்கவில்லை. எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லையேல் பொருளற்ற ஆங்கிலக் கோவை.

ஒருங்குறி 1991இல் தனது முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியது. ஆனால் 'கெ' என்று எழுதினால் ககரம் முதலிலும் எகரக் குறி பின்னுமாகச் சேமிக்கப்படும். திரையில் குறியை முன்னே கொணர்வது இயங்குதளத்தின் பொறுப்பு. அந்த ஆற்றலுடனும் லதா எழுத்துருவுடனும் வந்தது விண்டோஸ் 2000. விண்டோஸ் 98இல் அது இல்லை. புதிய கணினி வாங்க இயலாதவர் புதிய தமிழையும் வாசிக்க இயலாதவரானார்.

அந்த இடைவெளியில் பாலம் அமைத்தவர்களுள் ஒருவர் அதிராம்பட்டினத்து உமர்தம்பி. அவர் உருவாக்கிய தேனீ இயங்கு எழுத்துருவை வலைப்பதிவர் பலர் தமது பக்கங்களில் இணைத்தனர். வாசகர் எதையும் நிறுவாமலே, எக்ஸ்புளோரரின் பிந்திய பதிப்புகள் வழியாக, பழைய கணினியிலும் தமிழ் தெரிந்தது. விண்டோஸ் 98க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது 2006 ஜூலை 11இல். மறுநாள், ஜூலை 12இல், உமர்தம்பி காலமானார். காலம் சில வேளைகளில் இப்படியும் கணக்கு முடிக்கிறது.

2008இல் வெளியான பயர்பாக்ஸ் 3 விண்டோஸ் 98இல் இயங்கவில்லை. அதே ஆண்டில் இலங்கையின் தமிழ்க் குறியீட்டுத் தரமான எஸ்.எல்.எஸ். 1326 வந்தது. வாசிப்போர் சிக்கல் மெல்ல மெல்லத் தீர்ந்தது. எழுதி வைத்தோர் சிக்கலோ தீரவில்லை.

1990களில் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் முதியோர் சிலரைக் கண்டு குறிப்புகள் எழுதினேன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தம்மை நாடற்றவராக்கிய நாள்களை நினைவில் வைத்திருந்தவர்கள் அவர்கள். அக்குறிப்புகள் ஒரு பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக நெகிழ்வட்டுகளில் இருந்தன. அண்மையில் ஒருவாறு பிரதியெடுத்தேன். ஆயினும் அம்மென்பொருள் இன்றைய கணினியில் இயங்க மறுக்கிறது. வெறும் உரையாகப் பிரித்தெடுத்து மாற்றியில் இட்டபோது பாதி தமிழாயிற்று. மீதி எந்த எழுத்துருவில் எழுதியது என்பது எனக்கே நினைவில்லை.

சொன்னவர்களில் எவரும் இன்று உயிருடன் இல்லை. மறுபடி கேட்டு எழுத வழியில்லை.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படிச் சில வட்டுகள் கிடக்கலாம். அவற்றைத் திறக்கக்கூடிய பழைய கணினி யாரிடமேனும் ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். முடிந்தால் ஒரு பிரதியைக் காகிதத்திலும் அச்சிட்டு வையுங்கள். காகிதத்துக்கு இயங்குதளம் தேவையில்லை.