தேரி பாலைவனமா?

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரங்களில் விரிந்து கிடக்கும் செம்மணல் மேடுகளுக்கு அங்குள்ளவர்கள் வழங்கும் பெயர் தேரி. கேமராவோடு காரில் வருகிறவர்கள் தங்கள் படங்களுக்குப் பெரும்பாலும் 'தமிழ்நாட்டின் பாலைவனம்' என்று பெயரிடுகிறார்கள். இந்தப் பெயர் பிழை. படமெடுக்கும் கண்ணையும் அது கெடுத்துவிடுகிறது. தேரி என்றால் மணல்மேடு, அவ்வளவுதான். மலையாளத்திலும் அது மேட்டு நிலத்தையே குறிக்கும். வறட்சியோ ஆளரவமின்மையோ அதன் பொருளில் இல்லை. தேரிக்குடியிருப்பு, தேரியூர் என்று குடியிருக்கும் ஊர்களுக்கே அது பெயராகியிருக்கிறது. பாலையின் கதை வேறு. தெய்வங்களோடு சேர்த்துத் தொல்காப்பியம் சொல்லும் நிலங்கள் நான்கே. பாலைக்குத் தனி நிலம் அங்கே இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு கெட்டு அடையும் வடிவம் என்றே சிலப்பதிகாரம் அதை விளக்குகிறது. 'வனம்' சேர்ந்த பின்புதான் சகாராவையும் தாரையும் சுட்டும் சொல்லாக அது நிலைத்தது. தேரி இவ்விரு பொருளிலும் அடங்காது. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவான மழை என்பது பாலைவனத்துக்குச் சொல்லப்படும் பொது அளவு; இங்கே அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் பெய்கிறது.

மணல் காற்றில் நகர்கிறதே, அது பாலைவனத்தின் அடையாளம் அல்லவா என்று கேட்கலாம். நகர்வது உண்மை. ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களைத் தாண்டி வரும் தென்மேற்குக் காற்று மணலை வாரி மேடாகக் குவிக்கிறது. ஆனால் இந்த மணல் மழைநீரைத் தேங்கவிடாமல் உள்ளே இறக்கிக்கொள்வதால்தான் மேற்பரப்பு காய்ந்து தோன்றுகிறது. அடிவாரத்தில் சுனைகளும், தருவை எனப்படும் ஆழமில்லாத நீர்நிலைகளும் உண்டு. பனையும் உடைமரமும் முந்திரியும் அந்த ஈரத்தில் நிற்கின்றன. ஒரு பிடி மணலை அள்ளிக் கூர்ந்து பார்த்தால், குவார்ட்சு மணிகளின்மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்திருக்கும். அந்தச் சிவப்பு அதனால் வந்தது. இடையே கறுப்பாகத் தெரிவது இல்மனைட். உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும் இந்நிலத்தில், காலையும் மாலையும் சாய்வெயில் விழும்போது மணல்வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். அந்த நேரத்தில், பாலைவனம் என்று மனத்தில் எழுதிக்கொண்டு வந்தவர், அடிமரம் மணலில் புதைந்தும் பசுமை குறையாமல் நிற்கும் பனையை இடைஞ்சல் என்று சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறார். தேரியில் பார்க்கவேண்டிய முதற்பொருள் அந்தப் பனைதான் என்பேன்.

தேரி வட்டாரச் சொல், வெளியூராருக்கு விளங்காது என்பது இன்னொரு மறுப்பு. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 19ஆம் நூற்றாண்டிலேயே இச்சொல்லை ஆங்கிலத்தில் அப்படியே எடுத்தாண்டார். இம்மேடுகளில் கிடைத்த நுண்கற்கருவிகளை ஆராய்ந்து தொல்லியலாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் வெளியிட்ட கட்டுரையிலும் தேரி தேரியாகவே இருக்கிறது. கற்காலத்திலேயே மனிதர் உலவிய மேடுகள் என்பதற்கு அக்கருவிகளே சான்று. படத்தின் கீழே 'குதிரைமொழித் தேரி' என்று ஊரோடு சேர்த்து எழுதினால், தெரியாதவருக்கு 'செம்மணல் மேடு' என்ற இரண்டு சொல் விளக்கம் போதும்.