குளங்களை எண்ணிப் போன பாதைகள்

வன்னியின் உட்கிராமம் ஒன்றில் நின்று, "ஐயா, மல்லாவிக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று வினவிப் பாருங்கள். விடை சொல்பவர் சற்று வயதானவராயின் மைலும் சொல்லார், கிலோமீற்றரும் சொல்லார். "இன்னும் ரண்டு குளம் கிடக்கு, தம்பி" என்பார். கண்டி வீதிக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டால் விடை வேறு. அங்கே எல்லாம் கட்டைக் கணக்கு. கிளிநொச்சியில் ஓர் இடத்துக்குப் பெயரே 155 ஆம் கட்டை. ஒரே பிரதேசத்தில் இரண்டு அளவுகோல்கள். ஒன்று ஆங்கிலேயர் நட்ட மைல்கற்களிலிருந்து வந்தது. மற்றது அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. இந்த இரண்டாவது கணக்கின்படி சைக்கிள் ஓடிய பாதைகளைப் பற்றித்தான், நேயர்களே, இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன்.

குளத்தை எண்ணி வழி சொல்லும் வழக்கம் வெறும் கிராமியப் பேச்சல்ல. அதற்குத் தக்க காரணம் உண்டு. வன்னியில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. கனகராயன் ஆறு, பாலி ஆறு, பேராறு என்பனவெல்லாம் மாரியில் பெருகி, கோடையில் மணலாய்க் கிடப்பவை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டுகின்ற மழையைத் தேக்கி வைத்தாலன்றி மறு மாரி வரை உயிர் வாழ இயலாது. ஆகவே ஆறு ஓடிய தடமெங்கும் கட்டுக் கட்டினார்கள். மேற்குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்நீர் கீழ்க்குளத்தை அடையும். அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ளதை. மனிதன் நடந்த வழியும் இந்நீரின் வழியையே பின்பற்றியது. மாரியில் வெள்ளத்துக்கு மேலே காய்ந்து கிடப்பது குளக்கட்டு ஒன்றுதான். கோடையில் வண்டில் மாட்டுக்குத் தண்ணீர் கிடைப்பதும் அங்கேதான். கட்டின் அடியில் நிற்கும் மருத மரத்தின் நிழலை விட்டால் அயலில் இளைப்பாற வேறு இடமும் கிடையாது.

இந்தக் குளங்களின் பழமை சாமானியமானதன்று. நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்த ஹென்றி பார்க்கர், 1909 இல் வெளிவந்த தமது நூலிலே, பாலி ஆற்றை மறித்து நிற்கும் வவுனிக்குளத்தை இலங்கையின் மிகப் பழைய பெருங்குளங்களின் வரிசையில் வைத்துப் பேசுகின்றார். பெரிய குளங்களுக்கு ஏடுகளிலே பெயர் உண்டு. சிறியனவற்றுக்கு ஊர்ப்பெயரே ஏடு. முறிப்பு என்று முடியும் ஊரிலே ஒரு காலத்தில் குளக்கட்டு முறிந்திருக்கின்றது என்று கொள்ளலாம். மோட்டை என்றால் சிறு நீர்நிலை. மடு என்றால் ஆழமான பள்ளம். இரணைமடு என்ற பெயரில் இரட்டை மடுக்கள் ஒளிந்திருக்கின்றன. ஒரு பெயர்ப்பலகையும் இல்லாத காட்டுவழியில் போகிறவனுக்கு இப்பெயர்களே போதிய வழிகாட்டிகள்.

காடு என்றவுடன் றொபேர்ட் நொக்ஸ் நினைவுக்கு வருகின்றார். கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் சிறையிருந்த அந்த ஆங்கிலேயர் 1679 இல் தப்பி, அநுராதபுரத்துக்கு அப்பால் அருவியாற்றின் கரையைப் பிடித்து நடந்து, மன்னார்ப் பகுதியில் ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்பை அடைந்தார். அவர் நூலிலே கைலாய வன்னியனின் நாடு குறிப்பிடப்படுகின்றது. அவருக்கும் ஆற்றின் தடந்தான் வழி காட்டிற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆங்கிலேயர் வந்து போட்ட பெருவீதி இந்த ஒழுங்கைக் குலைத்தது. குலைத்தது என்று நான் சொல்வதைச் சிலர் ஏற்கமாட்டார்கள். வீதி வந்தால் முன்னேற்றம்தானே என்பார்கள். இருக்கட்டும். முன்பு யாழ்ப்பாணத்துக்கான போக்குவரத்தில் பெரும்பகுதி மன்னார், பூநகரிக் கரையோரமாகவும் முல்லைத்தீவுக் கரையோரமாகவும் நடந்தது. உள்நாட்டில் குளத்துக்குக் குளம் வண்டில் தடம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே காட்டைப் பிளந்துகொண்டு வடக்கு நோக்கி வந்த நடுவீதியும், 1905 இல் அதனையொட்டிக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய புகையிரதமும் வன்னியைக் கடந்து போவதற்காக அமைக்கப்பட்டவை. வன்னிக்குள் போவதற்காக அல்ல. வன்னியர் தலைமையிடமாக விளங்கிய பனங்காமம் ஒதுங்கிப் போயிற்று. மாங்குளம் சந்தியாயிற்று. ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலை வாசித்தவர்கள், ஆட்கள் அருகி, காய்ச்சல் பெருகிக் கிடந்த அந்நாளைய நாட்டை அறிவார்கள்.

அங்கே சைக்கிள் எப்படி வந்தது? காற்றடைத்த ரயரை டன்லப் செய்தது 1888 இல். பட்டினங்களிலே அது வெகு விரைவில் பரவியது. ஆனால் வன்னிக் காட்டுக்குள் அதனைக் கொண்டுவந்தவர்கள் துரைமார் அல்லர்; குடியேறியவர்கள். இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902 இல் தொடங்கி முடிவுற ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. அதன் கீழே 1936 இல் கிளிநொச்சிக் குடியேற்றம் ஆரம்பித்தது. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளித்து மலேரியாவை அடக்கியபின், வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று ஒவ்வொன்றாகப் பழைய குளங்கள் திருத்தப்பட்டன. 1970களின் முற்பகுதியில் மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த வேளை, விசுவமட்டிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டங்களில் மிளகாய் செழித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கமக்காரன் தன்னோடு கொண்டுவந்த பொருள்கள் மண்வெட்டி, பாய், சைக்கிள் ஆகியனவே. சற்று வசதியுள்ளவனிடம் றலி இருந்தது.

அந்தச் சைக்கிள் ஓடியது பெருவீதியில் மாத்திரம் அல்ல. குளக்கட்டின் அகலம் அதற்குப் போதும். மணலில் இறங்கி உருட்டலாம். வான் பாயும் இடத்தில் தோளிலே தூக்கி அப்பால் வைக்கலாம். வண்டில் போக முடியாத ஒற்றையடிப் பாதையில் அது போகும். நடந்து ஒரு நாள் பிடிக்கும் தூரத்தை வெயில் ஏறுமுன் முடித்துவிடும். நவீன யந்திரம் என்று நாம் சொல்லும் சைக்கிள், வன்னியில் மிகப் பழைய பாதைகளுக்கு மறுவாழ்வு கொடுத்தது.

கிழக்குப் பாதையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 30 மைல். பாலையும் முதிரையும் வீரையும் இருபுறமும் நெருங்கி நிற்கும். பாலைப்பழக் காலத்திலே கரடிக்குப் பயந்து சைக்கிள்காரர் ஒருவருக்கொருவர் காத்திருந்து கூட்டமாகவே புறப்படுவர். ஒலுமடு கழிந்து ஒட்டுசுட்டானை அடைந்தால் தான்தோன்றீஸ்வரர் கோயில். அப்பகுதியிலுள்ள கற்சிலைமட்டில், 1803 ஒக்டோபர் 31 இல் பண்டாரவன்னியன் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோல்வியுற்றதைக் குறிக்கும் கல் நாட்டப்பட்டிருந்தது. வென்றவர்கள் நாட்டிய கல்லை, தோற்றவனின் நினைவுச் சின்னமாக எங்கள் சனங்கள் ஆக்கிக்கொண்டார்கள். அதற்கப்பால் முள்ளியவளை, பின்னர் நந்திக்கடலோரத்து வற்றாப்பளை. வைகாசிப் பொங்கலுக்குக் கரியரில் பானையும் பாரில் பிள்ளையுமாக விடிய விடியச் சைக்கிள்கள் போகும் காட்சியை நான் மறக்கமாட்டேன்.

முள்ளியவளைப் பக்கமிருந்து பிரிந்து காட்டுக்குள் செல்லும் வழியிலே தண்ணிமுறிப்பு இருக்கின்றது. இலக்கிய அன்பர்களுக்கு இப்பெயர் புதியதன்று. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' நாவலின் களம் அது. 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த அந்நாவலின் காடும் குளமும் வயலும் கற்பனையில் முளைத்தவை அல்ல. 1984 இன் இறுதியிலே வன்செயல்களால் அவ்வூர் மக்கள் வெளியேற நேர்ந்தது. ஊர் கலைந்து பத்தாண்டுகள் கழிந்தபின் அந்நாவலை வாசித்த மாணவர்களுக்கு நான் அதனை ஒரு கதையாக மாத்திரமன்றி, வழி சொல்லும் நூலாகவும் கற்பித்தேன். இது இலக்கியத்தைச் சிறுமைப்படுத்துவது என்று சக ஆசிரியர் ஒருவர் கடிந்துகொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இனி 1990க்குப் பிந்திய காலம். அவ்வாண்டு ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. புகையிரதம் நின்றது. எரிபொருளும் பற்றறியும் வடக்குக்கு வருவது தடுக்கப்பட்டது. மோட்டார் வண்டி வைத்திருந்தவனும் சைக்கிளுக்கு இறங்கினான். விறகு, நெல்மூட்டை, நோயாளி, சில வேளைகளில் பிரேதம், எல்லாம் சைக்கிளில் போயின. ரியூப் கிடைக்காதபோது ஓட்டை விழுந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக் காற்றடித்தார்கள். இரவிலே சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலை மிதிக்க, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி பேசும். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் மெலிந்து நின்றுவிடும். நாங்கள் நாடகம் கேட்டதும் இலக்கிய நிகழ்ச்சி கேட்டதும் இப்படித்தான். ஒலிபரப்பாளர்கள் தம் நேயர்களைப் பற்றி எண்ணும்போது, அரைமணி நேர நிகழ்ச்சிக்கு அரைமணி நேரம் சைக்கிள் மிதித்தவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. பலர் கிளாலிக் கடல்நீரேரியைத் தாண்டி வன்னிக்கு வந்தார்கள். நானும் வந்தேன், வள்ளத்தில் என் சைக்கிளும் வந்தது. மல்லாவியில் ஒரு கொட்டில் பாடசாலையில் படிப்பித்தேன். அக்கா குடும்பம் புதுக்குடியிருப்பில். 1996 செப்டெம்பரிலே கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமாயிற்று. 1997 மே மாதம் தெற்கேயிருந்து 'ஜயசிக்குறு' நடவடிக்கை தொடங்கியது. வன்னியின் நடு முள்ளந்தண்டு போலிருந்த கண்டி வீதி இரு முனையிலும் போர்க்களமாயிற்று. மேற்கு வன்னியிலிருந்து கிழக்கு வன்னிக்குப் போவதாயின் இடைவெளியால் புகுந்து போகவேண்டும். துணுக்காய் தாண்டி, கோட்டைகட்டியகுளம், அம்பலப்பெருமாள்குளம் என்னும் ஊர்களுக்கூடாக அக்கராயன்குளம். அங்கிருந்து முறிகண்டி. அப்பால் இரணைமடுக் குளக்கட்டு, வட்டக்கச்சி, தர்மபுரம், விசுவமடு.

இந்தப் பெயர்களைத் திரும்பவும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பெருவீதியைப் போர் பறித்துக்கொண்டதும் சனங்கள் எந்த வழிக்குத் திரும்பினார்கள் என்பது விளங்கும். ஒருவரும் கூட்டம் கூடித் தீர்மானிக்கவில்லை. வழி கேட்டோம்; குளத்தின் பெயரைச் சொன்னார்கள்; போனோம். நூறாண்டுகளாகப் பின்தள்ளப்பட்டிருந்த நீர்வழித் தடம் ஒரே மாரிக்குள் பெருவீதியாயிற்று. சோளகக் காற்று வீசும் காலத்தில் கிழக்கே போவது சுகம். திரும்பி வரும்போது இரணைமடுக் கட்டில் இறங்கி உருட்டத்தான் வேண்டும். இடக்கைப் பக்கம் கடல்போலக் குளம். வலக்கைப் பக்கம் கீழே வயல். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் யாரும் போனதில்லை. வாகனங்கள் நின்று கும்பிட்ட இடத்திலே சைக்கிள்கள் நின்றன. கச்சான் விற்ற பெண்களும் இருந்தார்கள், முன்னைய தொகை இல்லாவிட்டாலும்.

2002 இல் கண்டி வீதி திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களை எல்லோரும் அறிவார்கள். பரந்தன் முல்லைத்தீவு வீதியால், தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று சனங்கள் கிழக்கே தள்ளப்பட்டபோது, வீட்டுச் சாமானைத் தாங்கி வந்தவை பெரும்பாலும் சைக்கிள்களே. முள்ளிவாய்க்கால் மணலில் அவை குவிந்து துருப்பிடித்துக் கிடந்ததைப் படங்களில் கண்டிருப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார்.

யுத்தத்தின் பின் வீதிகள் செப்பனிடப்பட்டன. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதனால் யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி ஊடாக மன்னாருக்குச் சைக்கிளிலேயே போகலாம். 2014 இல் புகையிரதமும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. காப்பெற் வீதியில் விளையாட்டு வீரர்கள் வர்ணத் தொப்பியோடு பறப்பதைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கட்டுக்குக் கட்டுப் போன தடங்களில் பல பற்றை மூடிவிட்டன. கண்ணிவெடி அச்சத்தால் பல ஆண்டுகள் எவரும் இறங்காத இடங்கள் அவை. அந்தத் தடங்களை அறிந்த தலைமுறையில் ஒரு பகுதி இறந்துவிட்டது. இன்னொரு பகுதி ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கின்றது. கைவிடப்பட்ட ஊரிலே ஒருவர் தன் காணியை நிறுவ வேண்டி வரும்போது உறுதி காட்டச் சொல்வார்கள். உறுதி எரிந்துபோயிருந்தால், 'இந்தக் குளத்துக்கும் அந்த மோட்டைக்கும் நடுவில்' என்றுதான் அவர் சொல்ல முடியும். அந்த மோட்டையின் பெயர் அழிந்தால் அவருடைய வார்த்தையும் செல்லாது.

மல்லாவியில் இருந்த நாட்களில் ஓர் அப்பியாசக் கொப்பியிலே, நான் சைக்கிளில் கடந்த குளங்களின் பெயர்களையும், ஒன்றிலிருந்து மற்றதற்குச் சென்ற நேரத்தையும், வழியில் நின்ற பெரிய மரங்களையும் எழுதி வைத்தேன். கொப்பி தப்பிவிட்டது. அண்மையில் அதனை நில அளவைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவை பொருந்துகின்றன. சில சிறு குளங்கள் படத்திலே இல்லை. அவற்றில் ஒன்றுக்குத் துணுக்காய்ப் பக்கத்தவர் இருவர் இரண்டு பெயர்கள் சொல்லியிருக்கின்றார்கள். இரண்டையும் அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கின்றேன்.