பள்ளத்தறிப் பெண்களும் நீராகாரமும்

காஞ்சிபுரத்தை அடுத்த பாலாற்றங்கரை ஓரிக்கையில், நான் சிறுமியாக இருந்த காலத்தில், நெசவு வீடுகளின் காலை நீராகாரத்தில்தான் தொடங்கும். ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைப்பார்கள். விடியலில் தெருவில் பாவு விரிக்கப் போகுமுன் ஆளுக்கொரு சொம்பு. கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். தீட்டு நின்ற வயதுப் பெண்களுக்கு மட்டும் அதில் மோர் கூட்டி, ஊறிய வெந்தயமும் தருவார்கள். கேட்டால் என் பாட்டி சொல்வாள்: "வயிறும் காந்துது, கீழேயும் காந்துது. ரெண்டும் ஒரே சூடுதான்டி."

பிறகு நான் கிராம சுகாதார செவிலியராகி, இதே வட்டாரத்தில் வீடு வீடாகப் போனபோது அந்தப் பேச்சை எத்தனையோ வாய்களில் கேட்டேன். வயிற்றையும் பிறப்புறுப்பையும் சேர்த்தே பார்த்த அந்தப் பெண்களின் கணிப்பை நான் மதிக்கிறேன். அவர்களை மோரோடு நிறுத்திவிட்ட ஊரின் மீதுதான் எனக்குக் கோபம்.

பள்ளத்தறியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பள்ளத்தில் காலை இறக்கி உட்கார்ந்தால் எழுந்திருப்பது லேசில்லை. கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். மறுகரையில் நாடா தள்ளுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோதான். அவள் எழுந்தால் தறி நிற்கும். எழுந்தாலும் போக இடமில்லை. பல வீடுகளில் கழிப்பறை வெகு காலம் கழித்தே வந்தது. இருட்டும்வரை அடக்கிக்கொள்வார்கள். அடக்க வேண்டுமே என்று தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அதனால் மலம் இறுகும், நீர்க்கடுப்பு வரும். நீர்க்கடுப்பை உண்டாக்கும் ஈ.கோலை கிருமி பெரும்பாலும் நம் குடலிலிருந்தே வருவது. ஆசனவாயிலிருந்து சிறுநீர்த் துவாரத்துக்குச் சில விரற்கடை தூரம்தான். சேலையின் கரை அழகைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அதை நெய்தவளின் மூத்திரப்பையைப் பற்றியும் யாராவது எழுதியிருக்க வேண்டும்.

இளவயதில் உடம்புக்கு ஒரு காவல் உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரக்கும்வரை யோனிச் சுவரில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேரும். லாக்டோபேசில்லஸ் நுண்ணுயிர்கள் அதனால் செழித்து லாக்டிக் அமிலம் சுரந்து, கெட்ட கிருமிகளை ஒட்டவிடாது. ஜெர்மானிய மருத்துவர் டோடர்லைன் இந்த நுண்ணுயிர்களை 1892-லேயே விவரித்துவிட்டார். மாதவிலக்கு நின்றதும் கிளைக்கோஜன் குறையும், அமிலம் குறையும், சுவர் மெலிந்து வறளும். பாட்டி சொன்ன காந்தல் அதுதான்.

குடலுக்கும் இதில் பங்குண்டு. கல்லீரல் கட்டிப்போட்டுப் பித்தநீரோடு அனுப்பும் ஈஸ்ட்ரோஜனைக் குடல் நுண்ணுயிர்கள் சில அவிழ்த்துவிட, ஒரு பகுதி மறுபடி ரத்தத்தில் சேர்கிறது. யோனியில் வாழும் லாக்டோபேசில்லஸ் வகைகளுக்கு மலக்குடலும் ஓர் இருப்பிடம்.

புளித்த உணவு எங்கள் ஊருக்குப் புதிதல்ல. வரதராஜப் பெருமாளுக்கு மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைக்கும் இட்லியும் புளித்த மாவுதான். ஆனால் ஆவியில் வெந்தபின் நுண்ணுயிர் பிழைக்காது. மோரிலும் நீராகாரத்திலும் உயிரோடிருக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பழைய சோற்றைக் குடல் நோய்களுக்காக ஆராய்ந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. என்றாலும் மோரில் இருப்பதும் யோனியில் குடியிருப்பதும் பெரும்பாலும் வெவ்வேறு வகைகள். மோர் வயிற்றுக்கு நல்லது. வறண்ட சுவரை அதனால் தடிக்கவைக்க முடியாது.

அதற்கான மருந்து 1993-லேயே நிரூபணமானது. ராஸ், ஸ்டாம் என்ற இரு மருத்துவர்கள், மாதவிலக்கு நின்று அடிக்கடி நீர்க்கடுப்பால் தவித்த 93 பெண்களை ஆராய்ந்தார்கள். எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் களிம்பை யோனியில் தடவியவர்களுக்கு வருடத்துக்குச் சராசரி 0.5 முறைதான் தொற்று வந்தது. வெறும் களிம்பு தடவியவர்களுக்கு 5.9 முறை. எஸ்ட்ரியால் தடவியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒரே மாதத்தில் லாக்டோபேசில்லஸ் திரும்பியிருந்தது.

அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஆண் மருத்துவரிடம் போக மறுத்த பெண்களுக்காக மருத்துவர் மேரி ஷார்லீப் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியைத் தொடங்கியது 1885-இல். நூறு வருஷம் கழித்தும் இங்கே "ஆம்பளை டாக்டரா நர்ஸம்மா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் சுமந்த பதிவேடுகளில் கர்ப்பிணிக்கு இடமிருந்தது, குழந்தைக்கு இடமிருந்தது. தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் மனைவிக்கு 49 வயது தாண்டினால் பெயரே வெளியேறிவிடும். அதற்குப்பின் அவளுக்கு என்ன செய்கிறது என்று கேட்க நான் சுமந்த எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டம்கூட இருக்கவில்லை.

தீட்டு நின்று ஒரு வருஷம் கடந்தபின் ரத்தம் பட்டாலும் அதையும் சூடு என்றே சொல்லி வெந்தயம் ஊறவைத்தார்கள். அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். அதைப் பார்ப்பதற்குக் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை 1969 முதல் இருக்கிறது. ஓரிக்கையிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான்.